தேயிலைக் குதிரைப் பாதை: டாலியிலிருந்து சாக்காலோ உப்பளம் வரை நடந்து போக இன்னும் வழி இருக்கிறதா?

பொதிவழி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பர் 20 தொடங்கி எனக்கு முப்பது நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கிய உமணர்களைப் பற்றிச் சங்கப் பாடல்களில் படித்த நாளிலிருந்தே, பொதி சுமந்த விலங்குகளோடு நெடுவழி நடந்த வணிகச் சாத்துகளின் மீது எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. அந்த ஈடுபாடுதான் கடைசியில் என்னை, சீனத்திலிருந்து திபெத்துக்குத் தேயிலை போன பழைய வணிக வழியான தேயிலைக் குதிரைப் பாதையில் கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறது. யுன்னான் மாகாணத்தின் டாலியில் தொடங்கி, லிஜியாங், ஷாங்ரி-லா, தெச்சின் வழியாக, மேக்கொங் ஆற்றங்கரையில் இருக்கும் சாக்காலோ உப்பளம் வரை போக வேண்டும் என்பது என் திட்டம். சீன வரைபடங்களில் அந்த ஊர் யான்ஜிங் என்று இருக்கிறது. நாளும் பணமும் மிஞ்சினால் அங்கிருந்து லாசா வரை தொடரலாம் என்றும் எண்ணியிருக்கிறேன்.

என்னோடு என் தந்தையும் வருகிறார். அவருக்கு வயது 63. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். மற்றபடி நாள்தோறும் ஐந்து கிலோமீட்டர் தவறாமல் நடப்பவர். பேருந்திலிருந்து இறங்கிப் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிற பயணத்தில் எங்கள் இருவருக்குமே விருப்பமில்லை. சாத்துகள் நடந்த பாதையில் சில நாளாவது எங்கள் காலால் நடக்க வேண்டும். அப்படி நடக்கத்தக்க பகுதிகள் இன்னும் எங்கே இருக்கின்றன, சாக்காலோவுக்குத் தனியாகப் போக வெளிநாட்டவருக்கு அனுமதி உண்டா, தந்தையின் வயதில் அந்த உயரம் தாங்குமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

நடைத்தடம் எழுதியது:

வணக்கம் நண்பரே. முதலில் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்திவிட்டால் உங்கள் திட்டத்தில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். தேயிலைக் குதிரைப் பாதை என்பது ஒரே நீண்ட சாலை அன்று. அந்தப் பெயரே 1990ஆம் ஆண்டளவில் யுன்னான் ஆய்வாளர்கள் சிலர் அந்த மலைகளில் கால்நடையாகச் சுற்றியபின் வழக்குக்கு வந்த பெயர்தான். அதற்கு முன் அங்கே இருந்தவை, ஆறு உள்ளடங்கி ஓடும் இடத்தில் கரையோரமாகவும், பள்ளத்தாக்கு அடைபடும் இடத்தில் மலைத்தோள் மீதும், பனிக்காலத்தில் ஒரு வழியும் மழைக்காலத்தில் வேறொரு வழியுமாகப் பிரிந்து பிரிந்து சேர்ந்த பல தடங்கள். அவற்றுள் பெரியவை இரண்டு. ஒன்று சிச்சுவானின் யாஆன் நகரிலிருந்து காங்டிங் வழியாக மேற்கே போனது. மற்றது யுன்னானின் தெற்கே தேயிலை விளையும் காடுகளிலிருந்து டாலி, லிஜியாங் வழியாக வடக்கே ஏறியது. நீங்கள் சொல்வது இரண்டாவது தடம்.

திபெத்தின் உயர்நிலத்தில் தேயிலை விளையாது. வெண்ணெயும் இறைச்சியும் வாற்கோதுமை மாவுமே உணவாக இருக்கும் குளிர்நாட்டில், காய்கறி அரிதாகக் கிடைக்கும் வாழ்க்கையில், தேநீர் பழக்கம் என்ற நிலையைத் தாண்டித் தேவையாகவே ஆகிவிட்டது. சீனத்துக்கோ போர்க்குதிரைகள் வேண்டியிருந்தன. சோங் அரசு 1074இல் தேயிலையையும் குதிரையையும் மாற்றிக்கொள்வதற்கென்றே தனி அலுவலகம் அமைத்தது. ஆனால் 18ஆம் நூற்றாண்டில் அரசின் குதிரைத் தேவை குறைந்தது. குதிரைக்குத் தேயிலை என்ற கணக்கும் அதோடு முடிந்துபோனது. அதன்பின் இரு நூற்றாண்டுக் காலம் அந்த வழியில் நடந்தது தனியார் வணிகம். மேலே போனது தேயிலை, கீழே வந்தவை கம்பளி, தோல், கத்தூரி, மூலிகைகள். சுமந்தவை பெரும்பாலும் கோவேறு கழுதைகள். வட்டமாக அழுத்திய தேயிலையை ஏழு ஏழாக அடுக்கி, மூங்கில் மடலில் சுற்றிக் கட்டிப் பொதியாக ஏற்றுவார்கள். இன்றும் யுன்னான் கடைகளில் அந்த ஏழு வட்டுக் கட்டைப் பார்க்கலாம். பழைய வணிகத்தின் அளவு மாறாமல் நிற்கும் சில இடங்களில் அது ஒன்று.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். டாலியிலிருந்து சாக்காலோ வரை தொடர்ச்சியாக நடப்பது இனி இயலாது, முயல்வதும் வீண். காரணம் எளியது. சாத்துகள் கண்டுபிடித்த வழிதான் மிகச் சாய்வு குறைந்த வழி என்பதால், நெடுஞ்சாலை போட்டவர்கள் பெரும்பாலான இடங்களில் அதே தடத்தின் மீதே போட்டார்கள். ஆகவே தொடர்ச்சியை விட்டுவிட்டுத் துண்டுகளைத் தேடுங்கள். என் மதிப்பீட்டில் மூன்று துண்டுகள் உங்கள் முப்பது நாளுக்குப் போதும்.

ஒன்று ஷாஷி. டாலிக்கும் லிஜியாங்குக்கும் நடுவே உள்ள பள்ளத்தாக்கில், சாத்துகள் கூடிய பழைய சந்தைச் சதுக்கம் கோயிலோடும் நாடக மேடையோடும் அப்படியே இருக்கிறது. 2001இல் அழியும் நிலையில் உள்ள உலகச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டு, சுவிஸ் கட்டடக்கலை வல்லுநர்களின் துணையோடு பொறுமையாகப் புதுப்பிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை வாரச் சந்தை நடக்கும் நாளில் அங்கே இருக்கும்படி உங்கள் நாட்களை அமைத்துக்கொள்ளுங்கள். ஊர் முனையில் ஆற்றின் மீது ஒற்றை வளைவாக நிற்கும் கற்பாலத்தில் விடியற்காலையில் போய் நில்லுங்கள். கழுதைகள் ஊருக்குள் நுழைந்த வழி அதுதான்.

இரண்டாவது புலிப் பாய்ச்சல் பள்ளத்தாக்கின் மேற்பாதை. கீழே சின்ஷா ஆறு, அதாவது யாங்சியின் மேற்பகுதி, இரைந்துகொண்டு ஓடும். மேலே மலைத்தோளில் கழுதைத் தடம் இரண்டு நாள் நடைக்கு நீளும். இருபத்தெட்டு வளைவு என்று சொல்லப்படும் ஏற்றம் மட்டுமே கடினம். உங்கள் தந்தை அதை மெதுவாக ஏறிவிடுவார்.

மூன்றாவது தெச்சினுக்கு அப்பால் யுபெங் கிராமம். அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மேக்கொங் பள்ளத்தாக்கின் மேற்கே 6,740 மீட்டர் உயரத்தில் காவாகெபோ சிகரம் நிற்கிறது. திபெத்தியர்களுக்கு அது தெய்வம். 1991 ஜனவரியில் சீன-ஜப்பானிய ஏறுகுழுவினர் 17 பேர் அங்கே பனிச்சரிவில் மாண்டார்கள். அவர்களின் உடல்கள் 1998இல் அடிவாரத்துப் பனியாற்றில் வெளிப்பட்டன. அந்தப் பனியாற்றிலிருந்துதான் கீழே உள்ள கிராமத்துக்குக் குடிநீர் வருகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், ஏறக் கூடாது என்று அங்குள்ளவர்கள் சொன்னதன் பொருள் விளங்கும். இன்று வரை அந்தச் சிகரத்தில் யாரும் கால் வைத்ததில்லை. ஏறுவதற்கு அரசும் தடை விதித்துவிட்டது. ஏறுவதற்குப் பதிலாக அந்த மலையைச் சுற்றி வலம் வருகிறார்கள். ஷிதாங் கிராமத்திலிருந்து ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரக் கணவாய் ஒன்றைக் கடந்து யுபெங்குக்குள் இறங்கும் தடம், அந்த வலத்தின் ஒரு கிளை. கணவாயில் காற்றுக்குதிரை எனப்படும் திபெத்திய வழிபாட்டுக் கொடிகள் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டிருக்கும். திரும்பும்போது அதே வழியில் வராமல், ஆற்றோடு நிநொங் கிராமத்துக்கு இறங்கும் வாய்க்கால் பாதையில் வாருங்கள்.

கடைசியாக ஒன்று. அக்டோபர் 1 முதல் ஒரு வாரம் சீனத் தேசிய நாள் விடுமுறை. அந்த வாரத்தில் லிஜியாங்கிலும் ஷாங்ரி-லாவிலும் அறை கிடைப்பதே அரிது. விலையும் பல மடங்கு ஏறும். அந்த நாட்களை எங்கே கழிப்பது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகு மற்றவற்றை அதைச் சுற்றி அடுக்குங்கள்.

பனிக்கணவாய் எழுதியது:

அனுமதி பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் பட்டிருக்கிறேன்.

தெச்சின் வரை யுன்னான் மாகாணம். அங்கே சீன விசா இருந்தால் போதும், திபெத்துக்கான தனி அனுமதி வேண்டியதில்லை. நிலமும் வீடும் மொழியும் எல்லாம் திபெத்தாகவே இருக்கும். நிர்வாகத்தில் மட்டும் அது யுன்னான். சாக்காலோவோ திபெத் தன்னாட்சிப் பகுதியின் மார்க்கம் வட்டத்தில் இருக்கிறது. தெச்சினிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம்தான் என்றாலும், இடையில் எல்லைச் சாவடி உண்டு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு தனியாகப் போனால் அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பேருந்துச் சீட்டு கையில் இருப்பதனால் ஒன்றும் ஆகாது. பதிவு பெற்ற பயண நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் திபெத் பயண அனுமதி வாங்க முடியும்; வழிகாட்டியும் வண்டியும் அவர்கள் ஏற்பாடாகவே இருக்க வேண்டும். அதோடு, மார்க்கம் அமைந்துள்ள சாம்தோ வட்டாரத்துக்குக் கூடுதல் அனுமதிகளும் தேவை. அந்த வட்டாரம் வெளிநாட்டவருக்குத் திறந்திருப்பதும் மூடியிருப்பதும் ஆண்டுக்கு ஆண்டு, சில சமயம் மாதத்துக்கு மாதம் மாறும்.

நானும் என் நண்பர்கள் மூவரும் சில ஆண்டுகளுக்கு முன் ஷாங்ரி-லாவிலிருந்து லாசா வரை வண்டியில் போனோம். நாங்கள் முதலில் பணம் கட்டிய நிறுவனம், சாம்தோ அனுமதி கட்டாயம் கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, புறப்பட ஆறு நாள் இருக்கையில் கைவிரித்துவிட்டது. முன்பணத்தில் பாதி திரும்பவே இல்லை. அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனத்தோடு போனபோது, அனுமதி கையில் வந்தபின் மீதியைக் கட்டுவோம் என்று எழுத்திலேயே வாங்கிக்கொண்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வட்டாரம் மூடப்பட்டால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்பதையும் முன்னதாகவே கேட்டு எழுதி வாங்குங்கள்.

சாக்காலோவில் நாங்கள் இருந்தது ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளை நான் இன்றும் மனத்தில் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆற்றங்கரையில் உப்பு ஊற்றுக் கிணறுகள் இருக்கின்றன. செங்குத்தான கரையில் மரக்கால்களை நட்டு, மேலே உத்தரம் பரப்பி, களிமண் மெழுகிய சிறு சிறு பாத்திகளை அடுக்கடுக்காக அமைத்திருக்கிறார்கள். பெண்கள்தான் உப்புநீரை மொண்டு வந்து பாத்திகளில் ஊற்றுகிறார்கள். வெயிலும் பள்ளத்தாக்கின் காற்றும் அதை உலர்த்துகின்றன. பாத்தியின் அடியில் போய் நின்று நிமிர்ந்து பாருங்கள். பலகை இடுக்கில் கசிந்த உப்பு விழுதுகளாக இறங்கித் தொங்கும், ஒவ்வொரு விழுதின் நுனியிலும் ஒரு சொட்டு நீர் நிற்கும். மேலே ஒரு மூதாட்டி மரத்தட்டால் உப்பை வழித்துக்கொண்டிருந்தார். முதலில் வழிப்பது மனிதருக்கு, அடியில் மண்ணோடு வருவது கால்நடைக்கு என்று வழிகாட்டியின் வாய்மொழியாகச் சொன்னார். ஆற்றின் கிழக்குக் கரையில் விளைவது வெள்ளுப்பு, மேற்குக் கரையில் விளைவது செவ்வுப்பு; மேற்குக் கரையின் மண் சிவப்பு என்பதால் அந்த நிறம். ஒரே ஆறு, ஒரே வேலை, இரண்டு நிறம்.

அந்த ஊரில் 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார்கள் நிறுவிய கத்தோலிக்கத் திருச்சபை இன்றும் இருக்கிறது. திபெத் தன்னாட்சிப் பகுதியில் அப்படி இருப்பது அது ஒன்றுதான். திபெத்திய மொழியில் வழிபாடு நடக்கிறது. ஊரின் சிறப்பு உணவு, சிறு கிண்ணங்களில் ஒரு வாய் ஒரு வாயாக வந்துகொண்டே இருக்கும் நூடுல்ஸ். எத்தனை கிண்ணம் உண்டோம் என்பதைக் கூழாங்கல் வைத்துக் கணக்கிடுகிறார்கள்.

ஆனால் உங்கள் திட்டத்தில் இரண்டு தடைகள் இருக்கின்றன. மழைக்காலத்தில் மேக்கொங் பெருகிக் கிணறுகளை மூடிவிடும். நல்ல உப்பு விளைவது வசந்தத்தில், மார்ச்சிலிருந்து மே வரை. செப்டம்பர் இறுதியில் போனால் வேலை பாதியளவே நடந்துகொண்டிருக்கலாம். இன்னொன்று, அதற்கு அப்பால் லாசா வரையான வழி நடைவழியே அன்று. மார்க்கம் தாண்டி 5,000 மீட்டருக்கு மேற்பட்ட தோங்தா கணவாய், பிறகு போம்தா, பிறகு சால்வீன் ஆற்றுக்கு இறங்கும் எழுபத்திரண்டு வளைவுகள், ராவோக் ஏரி, போமி, நிங்ச்சி என்று நாள் முழுதும் வண்டியிலேயே கழியும். காட்சிக்குக் குறைவில்லை. இருந்தாலும் இறங்கி நடக்க வழிகாட்டி விடுவதும் அரிது, நேரமும் இராது. நீங்கள் தேடுவது அதுவன்று என்று உங்கள் கேள்வியிலிருந்து எனக்குத் தெரிகிறது.

மலைமருந்து எழுதியது:

நான் மருத்துவர். உயரமான இடங்களில் சில காலம் பணியாற்றியிருக்கிறேன். உங்கள் தந்தையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

63 வயது தடை அன்று. கட்டுக்குள் இருக்கும் இரத்த அழுத்தமும் பெரும்பாலும் தடை அன்று. தடையாக இருப்பது வேகம். உடல் உயரத்துக்குப் பழக நாள் வேண்டும். நடந்து வந்த சாத்துக்கு அந்த நாள் தானாகவே கிடைத்தது. விமானத்திலும் இரயிலிலும் வருகிறவருக்கு அது கிடைப்பதில்லை. 2023 நவம்பரில் லிஜியாங்குக்கும் ஷாங்ரி-லாவுக்கும் இடையே இரயில் தொடங்கிய பிறகு, 2,400 மீட்டரிலிருந்து 3,200க்கு மேல் ஏறுவது ஒன்றிரண்டு மணி நேர வேலையாகிவிட்டது. வசதியாக இருக்கிறதே என்று அன்றே ஏறி மறுநாளே நடக்கத் தொடங்குகிறவர்களைத்தான் தலைவலியோடும் வாந்தியோடும் பார்க்க நேர்கிறது.

டாலி ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஷாஷியும் டாலியுமாக நான்கைந்து நாள், லிஜியாங்கில் இரண்டு இரவு, ஷாங்ரி-லாவில் மூன்று இரவு தங்குங்கள். ஷாங்ரி-லாவில் முதல் நாள் எதுவும் செய்ய வேண்டாம். 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது நடைமுறை விதி. பகலில் உயரமான கணவாயைக் கடந்து மாலையில் தாழ்வான இடத்தில் உறங்குவதில் தவறில்லை. தெச்சினுக்குப் போகும் வழியில் பைமா கணவாய் 4,300 மீட்டரை ஒட்டி இருந்தாலும், வண்டியில் கடந்து 3,400க்கு இறங்கிவிடுவீர்கள். நடைத்தடம் சொன்ன யுபெங்கும் ஷாங்ரி-லாவை ஒத்த உயரம்தான். அந்த வரிசை மருத்துவ நோக்கிலும் நல்ல வரிசை.

அசிட்டசோலமைடு மாத்திரை பழகுதலை விரைவுபடுத்தும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தந்தையின் மற்ற மாத்திரைகளோடு பொருந்துமா என்பதையும் பார்க்க வேண்டும். அவருடைய மருத்துவரைப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே பாருங்கள். கடைகளில் விற்கும் கைப்பிடி ஆக்சிஜன் குப்பி சில நிமிட ஆறுதலுக்கு மேல் எதுவும் தராது. அதை நம்பி மேலே ஏறாதீர்கள். தலைவலி, பசியின்மை, உறக்கமின்மை வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நேராக நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, இரவாக இருந்தாலும் உடனே இறங்குங்கள். காலை வரை பொறுத்துப் பார்ப்போம் என்ற எண்ணமே அங்கே உயிரைக் கொண்டுபோகிறது.

சுமைதாங்கி எழுதியது:

மூவர் சொன்னதும் சரியே என்றாலும், நடைத்தடம் அவர்கள் இரண்டு தடங்களில் ஒன்றை ஒரே வரியில் கடந்துவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. யுன்னான் தடத்தில் சுமந்தது விலங்கு. சிச்சுவான் தடத்தில், யாஆனிலிருந்து காங்டிங் வரை, சுமந்தது மனிதர். விலங்கு ஏற முடியாத அளவுக்குச் சேறும் செங்குத்துமாக இருந்த மலைகளில், ஆண்களும் பெண்களும் வளர்ந்தும் வளராத பிள்ளைகளும் அறுபது கிலோவிலிருந்து நூறு கிலோ வரை தேயிலைக் கட்டுகளை முதுகில் அடுக்கிக்கொண்டு இரண்டு மூன்று வாரம் நடந்தார்கள். சுமையைத் தரையில் இறக்கினால் மறுபடி தனியாகத் தூக்க முடியாது. ஆகவே குறுக்குக் கட்டை வைத்த கைத்தடி ஒன்றைப் பின்னால் ஊன்றி, சுமையின் அடிப்பாகத்தை அதன் மீது தாங்கவிட்டு, நின்றபடியே மூச்சு வாங்குவார்கள். நம் ஊர் வழியோரத்துச் சுமைதாங்கிக் கல்லை அவர்கள் கையிலேயே கொண்டு நடந்தார்கள் என்று சொல்லலாம். தடியின் இரும்பு முனை ஊன்றி ஊன்றி, பாறைகளில் குழிகள் விழுந்திருக்கின்றன. அப்படி ஒரு குழிக்குள் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். முதல் கணு வரை உள்ளே போயிற்று, உட்புறம் கண்ணாடி போல வழவழப்பாக இருந்தது. எத்தனை பேர் அதே கல்லில், அதே இடத்தில், அதே மூச்சை வாங்கியிருப்பார்கள்!

அங்கிருந்து 1706இல் கட்டிய லூதிங் சங்கிலிப் பாலத்தைக் கடந்து காங்டிங்குக்குப் போகலாம். திபெத்தியர் அந்த ஊரைத் தார்ச்சேந்தோ என்பர். மூங்கில் கட்டு அவிழ்க்கப்பட்டு, யாக் என்னும் மலைமாட்டின் தோலில் வைத்துத் தைத்து, யாக்கின் முதுகில் ஏறியது அங்கேதான். இந்த வழிக்கும் தனி அனுமதி வேண்டாம், உயரமும் 2,500 மீட்டரை ஒட்டியே நிற்கும். வணிகத்தின் மீது ஈடுபாடு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வணிகத்தின் எடை எவ்வளவு என்று அறிய வேண்டுமானால், சாக்காலோவுக்குப் பதிலாக இதை எண்ணிப் பாருங்கள்.

பொதிவழி எழுதியது:

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. தந்தையிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். சாக்காலோவை இந்தமுறை விட்டுவிடுவது என்றும், உப்பு விளையும் ஏப்ரல் மாதத்தில் முறையான அனுமதியோடு பிறகு ஒருமுறை போவது என்றும் முடிவு செய்தோம். விடுவது எளிதாக இல்லை. உப்பு விழுதுகளைப் பற்றிப் படித்தபின் இன்னும் கடினமாகிவிட்டது. கைத்தடிக் குழிகளைக் காண வேண்டும் என்று தந்தை மிகவும் விரும்புகிறார். ஆனாலும் ஒரே பயணத்தில் இரண்டையும் சேர்த்தால் மறுபடியும் பேருந்துப் பயணமாகிவிடும் என்பதால் யுன்னான் துண்டுகளோடு நிற்கிறோம்.

இன்னும் இரண்டு சிறு ஐயங்கள். விடுமுறை வாரத்தை யுபெங்கில் கழிப்பது அறிவுடைமையா? சைவ உணவுக்கு அங்கே என்ன வழி? தந்தை இறைச்சி உண்பதில்லை.

நடைத்தடம் எழுதியது:

சுமைதாங்கி அவர்களின் குறை நியாயமானது. அந்தத் தடத்தில் நான் நடந்ததில்லை என்பதால்தான் சுருக்கினேன்.

விடுமுறை வாரத்தில் யுபெங் வேண்டாம். அங்கும் கூட்டம் நிரம்பும். செப்டம்பர் 20 முதல் டாலியும் ஷாஷியும், அக்டோபர் முதல் வாரம் முழுதும் ஷாஷியிலேயோ அதன் சுற்றுக் கிராமங்களிலேயோ தங்குவது, கூட்டம் கலைந்த பிறகு லிஜியாங், ஷாங்ரி-லா, தெச்சின் என்று ஏறுவது என வைத்துக்கொண்டால் உங்கள் நாட்கள் நெருக்கமாகும். அதனால் புலிப் பாய்ச்சலை விட்டுவிடுங்கள் என்பேன். அதைவிட யுபெங் உங்களுக்குப் பொருந்தும். ஷாஷியின் அறையையும் 8ஆம் தேதிக்குப் பிறகான இரயில் சீட்டையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். மருத்துவர் சொன்ன மூன்று இரவை மட்டும் எந்த நெருக்கடியிலும் குறைக்காதீர்கள். அக்டோபர் நடுவில் வானம் தெளிவதால், தெச்சினுக்கு மேலே பெயிலாய் கோயில் முற்றத்திலிருந்து விடியலில் காவாகெபோ தெரியும் வாய்ப்பும் கூடும்.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். திபெத்திய வீடுகளில் வறுத்த வாற்கோதுமை மாவு எப்போதும் இருக்கும். அதன் பெயர் ட்சாம்பா. நம் சம்பா நெல்லுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை, ஒலி மட்டும் நெருங்குகிறது. சத்துமாவு பிசைவது போலவே, கிண்ணத்தில் சூடான வெண்ணெய்த் தேநீரை ஊற்றி, மாவைப் போட்டு, விரலால் சுழற்றிச் சுழற்றி உருண்டை பிடிப்பார்கள். உப்புப் போட்ட தேநீர் முதல் மடக்கில் தேநீராகத் தோன்றாது; சூப் என்று எண்ணிக் குடித்தால் இரண்டாம் கிண்ணத்தில் பிடித்துவிடும். சீன உணவகங்களில் காய்கறிப் பொரியலும் முட்டையும் தக்காளியும் கிடைக்கும். ஆனால் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது வழக்கமாதலால், தாவர எண்ணெய் என்று சீன எழுத்தில் எழுதிய தாள் ஒன்றைக் கையில் வைத்திருந்து சமையற்கட்டில் காட்டுங்கள். இடப்பெயர்களையும் இரு மொழியில் குறித்துக்கொள்ளுங்கள். சீட்டு வாங்கும் இடத்தில் சீனப் பெயர் உதவும். ஊர்ப் பெரியவரிடம் ஷாங்ரி-லா என்று சொல்வதைவிடக் கியல்தாங் என்று சொன்னால் முகம் மலரும். அந்த ஊருக்கு ஷாங்ரி-லா என்று பெயர் மாற்றியதே 2001இல்தான்.

நிநொங்குக்கு இறங்கும் வாய்க்கால் பாதையில் ஒரே ஓர் எச்சரிக்கை. சில இடங்களில் பாதை இரண்டு முழ அகலமே இருக்கும். ஒரு பக்கம் வாய்க்காலும் மலையும், மறுபக்கம் ஆழமான பள்ளம். எதிரே பொதி ஏற்றிய கழுதைகள் வந்தால், முதலில் கழுத்து மணி ஓசைதான் வளைவுக்கு அப்பாலிருந்து கேட்கும். கேட்டவுடனே நின்று, மலைப்பக்கமாக ஒதுங்கி, முதுகைப் பாறையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கழுதை தன் பொதியின் அகலத்தை அறியாது; பள்ளத்துப் பக்கம் நிற்பவரை இடித்துவிட்டுப் போய்விடும். தந்தையை எப்போதும் மலைப்பக்கமே நடக்கச் சொல்லுங்கள்.